ஓலை நறுக்கும் மும்மடிக் கணக்கும்

கும்பகோணத்தை அடுத்துக் காவிரிக் கரையில் இருக்கிற சுவாமிமலையில், தலைமுறை தலைமுறையாக விக்கிரகம் வார்த்து வரும் ஸ்தபதிகளின் பட்டறைக்குள் நுழைந்து, புதிய மூர்த்தி ஒன்றுக்கு மெழுகு உருவம் செய்யத் தொடங்குகிற வேளையில் சற்றே ஒதுங்கி நின்று கவனித்தால், முதலில் நம் கண்ணில் படுவது உளியுமன்று, உலையுமன்று. தென்னங்கீற்றிலிருந்து கிழித்தெடுத்த மெல்லிய ஓலை நறுக்கு ஒன்றுதான். செய்ய வேண்டிய விக்கிரகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு அந்த ஓலையை நறுக்கிக்கொண்டு, சிற்ப சாஸ்திரம் விதித்த பிரமாணப்படி அதை ஆங்காங்கே மடித்து, முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்புக்கும் தொடைக்கும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் இவ்வளவு இவ்வளவு என்று பங்கிட்டு வைத்துக்கொள்கிறார் ஸ்தபதி. ஒடியோலை என்பது அதன் பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருட்டிய கையும் காலும் அந்த ஓலையின் மடிப்புகளோடு ஒத்துப்போகிற வரையில் அவர் கையை எடுப்பதில்லை.

அந்த மடிப்புகளுக்கு ஆதாரமான அலகு அங்குலம். கடையில் விற்கிற அளவுகோலில் கீறியிருக்கும் அங்குலத்துக்கும் ஸ்தபதியின் அங்குலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சிவன், திருமால் போன்ற பிரதான மூர்த்திகளுக்குரியது உத்தம தசதாலம் என்னும் பிரமாணம். அதன்படி விக்கிரகத்தின் மொத்த உயரத்தை 124 சம பாகங்களாக வகுத்தால் ஒரு பாகம் எவ்வளவு வருகிறதோ, அதுவே அந்த விக்கிரகத்துக்குரிய அங்குலம். 31 சென்டிமீட்டர் உயரமுள்ள மூர்த்திக்கு அங்குலம் இரண்டரை மில்லிமீட்டர். 62 சென்டிமீட்டர் மூர்த்திக்கு ஐந்து மில்லிமீட்டர். 124 சென்டிமீட்டர் மூர்த்திக்குச் சரியாக ஒரு சென்டிமீட்டர். ஓலை நீண்டால் அங்குலமும் கூடவே நீளும். ஆனால் இன்ன அவயவம் இத்தனை அங்குலம் என்கிற எண்ணிக்கை மட்டும் எள்ளளவும் மாறாது. பூஜை அறையில் உள்ளங்கையளவாக நிற்கிற நடராஜரையும் கோயிலில் ஆளுயரத்துக்கு நிற்கிற நடராஜரையும் ஒருவரே என்று ஒரு குழந்தைகூடத் தயக்கமின்றிச் சொல்லிவிடுவதன் ரகசியம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஒரு கிராமத்தார், தங்கள் கோயிலில் உள்ள ஓரடி உயர உற்சவ மூர்த்தியைப் போலவே, அச்சு அசலாக, ஆனால் இரண்டடி உயரத்தில் ஒரு மூர்த்தி வார்க்க வேண்டுமென்று ஸ்தபதியிடம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மூர்த்திக்கு 6 கிலோ உலோகம் பிடித்ததென்பது அவர்களுக்குத் தெரியும். உயரம் இரண்டு மடங்கென்றால் உலோகமும் இரண்டு மடங்குதானே என்று எண்ணி 12 கிலோவுக்கு வேண்டிய பணத்தை வசூலித்து மஞ்சள் பையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்தபதி தொகையைக் கேட்டுவிட்டுப் புன்னகை செய்கிறார். அந்தப் புன்னகையின் பொருளை அறிவதற்கு நாம் க்ஷேத்திர கணிதத்தின் பக்கம் சிறிது தூரம் நடந்து வரவேண்டும்.

ஒன்றை ஒன்று அப்படியே உரித்து வைத்தாற்போல இருந்து, அளவில் மட்டும் வேறுபடுகிற உருவங்களை வடிவொத்த உருவங்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகம் கூறும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஓர் உருவத்திலுள்ள கோணங்கள் அனைத்தும் மற்றதிலுள்ள ஒத்த கோணங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஓர் உருவத்திலுள்ள நீளங்கள் அனைத்தும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டு மற்ற உருவத்தின் நீளங்களாக வர வேண்டும். அந்த ஒரே எண்ணுக்குத்தான் அளவு காரணி என்று பெயர். எண் 2 ஆனால் உருவம் இரட்டிக்கும். அரை ஆனால் பாதியாகச் சுருங்கும். 1 ஆனால் இரண்டும் சர்வசமம் ஆகிவிடும். கையில் ஒன்றும் காலில் ஒன்றுமாக எண் மாறினால் அது வடிவொத்த உருவம் ஆகாது, கேலிச்சித்திரம் ஆகிவிடும்.

இரண்டாவது நிபந்தனை எதற்கு, கோணங்கள் சமமாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குச் சென்று பார்க்கலாம். கல்யாணத்தில் எடுத்த 4க்கு 6 அங்குலப் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டு, சுவரில் மாட்ட 8க்கு 10 சட்டம் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார் ஒருவர். இரண்டும் செவ்வகம், இரண்டிலும் நான்கு மூலைகளும் செங்கோணம். ஆனால் 4 என்பது 8 ஆக வேண்டுமானால் 2ஆல் பெருக்க வேண்டும். அதே 2ஆல் 6ஐப் பெருக்கினால் வருவது 12, பத்து அன்று. ஆகவே இரண்டு அங்குல அகலத்தை எங்கேனும் வெட்டித்தான் தீர வேண்டும். ஓரத்தில் நின்ற பெரியப்பாவோ அத்தையோ சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். வெட்டாமல் நெருக்கிப் புகுத்தினால் எல்லோருடைய முகமும் ஒடுங்கிப்போகும். முக்கோணம் ஒன்றுக்கு மட்டும்தான் கோணங்கள் சமமானாலே போதும், பக்கங்கள் தாமாகவே ஒரே விகிதத்துக்கு வந்து நின்றுவிடும். வட்டங்களும் சதுரங்களும் இன்னும் பாக்கியசாலிகள்; உலகத்திலுள்ள எந்த இரண்டு வட்டங்களை எடுத்தாலும், எந்த இரண்டு சதுரங்களை எடுத்தாலும், அவை வடிவொத்தவையே.

முக்கோணத்தின் அந்தத் தனிச் சலுகையைக் கொண்டு மனிதன் சாதித்திருக்கும் காரியங்கள் சாமானியமானவை அல்ல. கிறிஸ்துவுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் மிலேட்டஸ் நகரில் வாழ்ந்த தேல்ஸ் என்னும் கிரேக்க ஞானி, எகிப்து தேசத்துப் பிரமிடின் உயரத்தை அதன் மேல் ஏறாமலே நிழலைக் கொண்டு அளந்து சொன்னார் என்பது பழைய நூலாசிரியர்கள் கூறிப்போந்த செய்தி. அவருடைய யுக்தியை நாமும் வாசலில் நிற்கிற தென்னை மரத்திடம் பரீட்சை செய்து பார்க்கலாம். நாலடிக் கழி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மூன்றடி விழுகிற நேரத்தில் தென்னையின் நிழலையும் அளந்து அது 36 அடி என்று கண்டால், நிழல்களின் விகிதம் 12 என்பது தெளிவு. சூரிய கிரணங்கள் கழிக்கும் மரத்துக்கும் ஒரே சாய்வில் விழுவதால் இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை; ஆகையால் மரத்தின் உயரம் 4ஐ 12ஆல் பெருக்கிவரும் 48 அடி. இதே முறையைக் கோபுரத்துக்கோ பிரமிடுக்கோ பிரயோகிக்கும்போது, நிழலை அடிச்சுவரின் ஓரத்திலிருந்து அளந்தால் கணக்குத் தப்பிவிடும். சிகரத்துக்கு நேர் கீழே, கட்டடத்தின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புள்ளியிலிருந்து அளந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கழி ஒன்றால் மரத்தை அளந்த தத்துவத்தைக் கொண்டே ஒரு துணைக்கண்டம் முழுவதையும் அளக்கப் புறப்பட்ட கதையின் முதல் அத்தியாயம் நம்முடைய சென்னையில் எழுதப்பட்டது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, பொறுமைக்கு இலக்கணம் என்னும்படி அளந்து முடித்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்துவிட்டால் முக்கோணத்தின் வடிவம் நிச்சயமாகிவிடுகிறது. அடிக்கோட்டின் நீளம் தெரிந்திருப்பதால் அளவும் நிச்சயமாகிவிடுகிறது. அதன் மற்றொரு பக்கத்தையே அடியாக வைத்து அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று சங்கிலித் தொடராக வளர்த்துக்கொண்டே போகலாம். பூமியின் வளைவுக்காகச் சிறு திருத்தங்கள் செய்தால் போதும். கோணங்கள் வடிவத்தைக் கொடுக்கின்றன, அளந்த ஒரு நீளம் அளவைக் கொடுக்கிறது என்கிற சூட்சுமத்தின் மேல்தான் இந்தியத் திரிகோணமிதி சர்வே என்னும் அந்த மாபெரும் முயற்சி நின்றது. கோணம் பார்ப்பதற்காக அவர் கொண்டு திரிந்த தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டு, மறுபடியும் வேலையில் இறங்கினார்.

அவ்வாறு அளந்து வரைந்த தேசப்படம் என்பது தேசத்துக்கு வடிவொத்த உருவமன்றி வேறென்ன? நம் சர்வே இலாகா வெளியிடும் படங்களில் 50,000க்கு 1 என்பது பெருவழக்கான அளவு. படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் அரைக் கிலோமீட்டர். இந்தக் கணக்கில் யாரும் தவறுவதில்லை. ஆனால், படத்தில் நான்கு சதுர சென்டிமீட்டர் அடைத்துக்கொண்டிருக்கும் ஏரியின் விஸ்தீரணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். படித்தவர்களிலும் பாதிப்பேர் இரண்டு சதுர கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது நீளவாட்டில் அரைக் கிலோமீட்டர், அகலவாட்டிலும் அரைக் கிலோமீட்டர். ஆக, கால் சதுர கிலோமீட்டர். நான்கும் சேர்ந்து ஒரு சதுர கிலோமீட்டர்தான். நீளம் ஒருமுறை பெருகினால் பரப்பு இருமுறை பெருகும் என்கிற விதி இங்கே தலைகாட்டுகிறது. அளவு காரணி 2 ஆனால் பரப்பு 4 மடங்கு. 3 ஆனால் 9 மடங்கு. 10 ஆனால் 100 மடங்கு. ஆறங்குலத் தோசையைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள பன்னிரண்டங்குலத் தோசைக்கு, கனம் ஒன்றாகவே இருந்தாலும், நான்கு தோசை மாவு செலவாவது இதனால்தான். ஹோட்டல்காரர் அதற்கு இரண்டு தோசையின் விலையைத்தான் வாங்குகிறார் என்றால் அவர் தர்மவான், அல்லது கணக்குத் தெரியாதவர்.

இதே விதியைத் தினந்தோறும் நம் கண்முன் நிரூபித்துக்கொண்டிருக்கிற இடம் ஒன்று உண்டு. அது தெருமுனை ஜெராக்ஸ் கடை. ஏ4 தாளை ஏ3 தாளாகப் பெரிதாக்கச் சொன்னால் கடைக்காரர் அழுத்துகிற எண் 200 அன்று, 141. ஏ3 தாள் என்பது ஏ4 தாள் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்த அளவுதானே, இரட்டிப்பு என்றால் 200 அல்லவா வேண்டும் என்று தோன்றும். இரட்டிப்பது பரப்பு, இயந்திரம் கேட்பது நீளத்தின் காரணி. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 2 வருமோ அந்த எண், அதாவது ஏறத்தாழ 1.41 தான் அது கேட்கிற விடை. 200ஐ அழுத்தினால் பரப்பு நான்கு மடங்காகி ஏ3 தாளிலும் அடங்காமல் வழிந்துவிடும். ஏ4 தாளின் பக்கங்கள் 210, 297 மில்லிமீட்டர். ஏ3 தாளுடையவை 297, 420. பாதியாக மடித்தாலும் வடிவம் கெடாதபடி 1922இல் ஜெர்மனியில் நிர்ணயிக்கப்பட்ட இந்த விகிதம்தான் பின்னர் அநேகமாக உலகம் முழுவதற்கும் பொதுவாயிற்று. முன்னே கண்ட போட்டோக்காரரின் சங்கடம் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இல்லாமற் போனது இந்த ஏற்பாட்டினால்தான்.

நீளத்தையும் பரப்பையும் கடந்து இனிக் கன அளவுக்கு வருவோம். வீட்டில் உள்ள தீப்பெட்டிகளை எடுத்து, ஒரு தீப்பெட்டியைப் போலவே எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கான பெரிய தீப்பெட்டி ஒன்றை அடுக்கிப் பாருங்கள். நீளவாட்டில் இரண்டு வைத்தாயிற்று; அகலமும் இரட்டிக்க வேண்டுமே, பக்கத்தில் மேலும் இரண்டு; ஆக நான்கு. உயரம் மட்டும் இன்னும் பழையபடியே இருக்கிறது. இந்த நான்கின் தலைமேல் இன்னொரு நான்கு வைத்தால்தான் வடிவம் பூர்த்தியாகிறது. மொத்தம் எட்டு. மேலிருந்து பார்த்தால் நான்கு பெட்டிகளின் முகம் தெரிகிறது. கையால் தூக்கினால் எட்டுப் பெட்டிகளின் எடை தெரிகிறது. நீளம் 2, பரப்பு 4, கன அளவு 8. அளவு காரணி மூன்றானால் 3, 9, 27. பெட்டிக்கு மாத்திரமன்று, வளைவும் நெளிவும் உடைய எந்த உருவத்துக்கும் இதுவே விதி. ஏனெனில் எந்த உருவத்தையும் மிக நுண்ணிய பெட்டிகளால் ஆனதாகப் பாவித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியும் எட்டானால் உருவம் முழுவதும் எட்டாகத்தான் வேண்டும்.

ஸ்தபதியின் புன்னகைக்குப் பொருள் இப்போது விளங்கியிருக்கும். இரண்டடி மூர்த்திக்கு வேண்டியது 12 கிலோ அன்று. ஆறெட்டு 48 கிலோ. மஞ்சள் பையில் இருந்தது கால் பங்குத் தொகைதான்.

மும்மடிப் பெருக்கத்தை இலக்கியத்தில் ஏற்றிப் புகழ் தேடிக்கொண்டவர் ஜோனதன் ஸ்விப்ட். 1726இல் வெளிவந்த கலிவரின் யாத்திரைகளில், லில்லிபுட் தேசத்து மனிதர்கள் ஆறங்குல உயரமே உள்ளவர்கள். அவர்களிடையே அகப்பட்ட கலிவர் அவர்களைப் போல் 12 மடங்கு உயரமானவன். அவனுக்கு எத்தனை பேருடைய ஆகாரம் போட வேண்டுமென்று அத்தேசத்துக் கணித வல்லுநர்கள் யோசித்து, 12 என்று மயங்காமல், 12ஐ மூன்று முறை பெருக்கி 1,728 பேருடைய ஆகாரம் என்று தீர்மானிக்கிறார்கள். கணக்கு அணுவளவும் பிசகவில்லை. ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் உயிருள்ள உடல் அதற்கு இசையுமா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியை ஸ்விப்டுக்கு முன்பே எழுப்பிவிட்டவர் கலிலியோ. வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, கண்பார்வையும் மங்கிப்போன முதுமையில் அவர் எழுதி 1638இல் ஹாலந்து தேசத்தில் அச்சேறிய இரு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய நூலில் எலும்பின் படம் ஒன்று இருக்கிறது. சிறிய எலும்பு ஒன்று; அதைவிட மூன்று மடங்கு நீளமாய், பெரிய பிராணியின் உடலில் அதே வேலையைச் செய்ய வேண்டிய எலும்பு மற்றொன்று. இரண்டாவது எலும்பு முதலாவதற்கு வடிவொத்ததாக இல்லை. அடிமரம் போல் பருத்து விகாரமாக இருக்கிறது. காரணம், எலும்பின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தாங்க வேண்டிய சுமையோ உடலின் கன அளவைப் பொறுத்தது. உருவம் மூன்று மடங்கானால் பலம் 9 மடங்கும் சுமை 27 மடங்கும் ஆகும்போது, எலும்பு விகிதத்தை மீறிப் பருத்தாலொழிய உடல் நிற்காது. மானின் கால் மூங்கிற் கழி போலவும் யானையின் கால் மண்டபத் தூண் போலவும் அமைந்திருப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வியாக்கியானம் இல்லை.

பிற்காலத்தில் இந்தியாவிலேயே குடியேறி, இந்தியப் பிரஜையாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் உயிரியல் மேதை, உயிர்களின் தக்க உருவளவைப் பற்றி 1926இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்தையே ராட்சதர் மேல் வைத்துப் பேசினார். கதைகளில் வருகிற அறுபதடி ராட்சதன் நம்மைப் போல் பத்து மடங்கு உயரமும் பத்து மடங்கு அகலமும் பத்து மடங்கு தடிப்பும் உள்ளவன். ஆகவே எடை 1,000 மடங்கு. எலும்பின் குறுக்குவெட்டு 100 மடங்குதான். அவனுடைய எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் நம்முடையதைவிடப் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். மனிதனின் தொடையெலும்பு ஏறத்தாழ அவ்வளவு பாரத்தில் முறிந்துவிடும் என்பதால், ராட்சதன் எடுத்து வைக்கிற முதல் அடியிலேயே விழுந்துவிடுவான். அதே கட்டுரையில் எலியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மனிதனின் எடைக்கு 5,000 சுண்டெலிகள் சமம். ஆனால் அந்த எலிகளின் தோல் பரப்பையும் அவை தின்கிற தீனியையும் கூட்டினால் மனிதனைப்போல் 17 மடங்கு ஆகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க எடை வேகமாகவும் பரப்பு மெதுவாகவும் குறைவதால், சிறிய உடலுக்குத் தன் எடையை நோக்கத் தோல் அதிகம். தோல் அதிகமானால் சூடு வெளியேறுவதும் அதிகம். கைக்குழந்தையை மார்கழிக் காலையில் துணியால் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்கிற தாய் இந்தச் சமன்பாட்டை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அதன்படியேதான் நடந்துகொள்கிறாள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின் சுவாமிமலைப் பட்டறைக்குத் திரும்பினால், அந்த ஓலை நறுக்கின் மேல் நமக்கு மதிப்புக் கூடுகிறது. அதன் எல்லையும் தெரிகிறது. முகம் எங்கே முடிய வேண்டும், முழங்கால் எங்கே மடங்க வேண்டும் என்பதையெல்லாம் ஓலை சொல்லும். எத்தனை கிலோ பிடிக்கும் என்பதை அது சொல்லாது. அது வார்ப்பின் வகையையும் பொறுத்தது. சிற்ப மரபில் கனம், சுஷிரம் என இரண்டு வகை வார்ப்புகள் உண்டு. மூர்த்தி முழுவதையும் கெட்டியாக வார்ப்பது கனம். உள்ளே மண்ணைக் கருவாக வைத்து மேலே மட்டும் உலோகம் படரும்படி வார்ப்பது சுஷிரம். உள்ளீடற்ற வார்ப்பில் உலோகம் ஏறக்குறைய மேற்பரப்பளவுக்கே செலவாகும். ஓடு அதே தடிப்பில் இருக்குமானால், இரட்டித்த உயரத்துக்கு எட்டு மடங்கு என்பது நான்கு மடங்காகத் தணிந்துவிடும்.

ஆகவே வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுவது இவ்வளவுதான். வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கும்போதோ, மனைப்படத்தைப் பார்த்து நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதோ, கோயிலுக்கு விக்கிரகம் சொல்லும்போதோ, ‘இதைப்போல இரண்டு மடங்கு’ என்று யாரேனும் சொன்னால், நீளத்திலா, பரப்பிலா, கன அளவிலா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதன்பின் பையை அவிழுங்கள். முதலாவதென்றால் இரண்டு, அதன் பரப்பு நான்கு, அதன் கொள்ளளவும் எடையும் எட்டு.